சர்வர் ரூம் மேடம் மூணு நாள் லீவு

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோ கண்ணு, எனக்குக் காத்து ஆகாது. பத்தொம்பது வருசம் ஏசியில இருந்த ஒடம்பு. சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன். காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து போன்ல கிளவுடு, கிளவுடுன்னு பேசிட்டு வந்தியே, மடியில லேப்டாப்பு வேற இருக்குது, உனக்கும் அந்தச் சோலிதானா? சத்தியில எறங்கறயா? நல்லதாப் போச்சு. நான் கோபி போறேன். அன்னூரு, புளியம்பட்டி தாண்டி சத்தி வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்குது. உங்கிட்ட ஒரு ஞாயம் கேக்கோணும். முழுசாக் கேட்டுப்போட்டு, தப்பு யாரு பக்கம்னு நீ சொல்லு. என்ற பக்கம் தப்பில்ல, அத மொதல்லயே சொல்லிப்போடறேன்.

என்ற பேரு துளசிமணி. கோபிக்குப் பக்கத்துல ஒரு லேடீஸ் காலேஜுல இருக்கறேன். பேரு வேண்டாம், அவங்களுக்கு ஒரு மரியாதை இருக்குது. பிளஸ் டூ முடிச்ச கையோட, லேப்ல கம்ப்யூட்டருக்கு உறை போடறதுக்கும் கழட்டறதுக்கும்தான் சேந்தேன். அப்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு உறை போடுவாங்க, தலகாணிக்குப் போடற மாதிரி. பாத்துப் பாத்தே கத்துக்கிட்டேன். அப்பறம் சர்வருன்னு ஒரு பொட்டி வந்துது. மார்க்கு, பீசு, அட்டெண்டன்சு, சம்பளம், அத்தனையும் அந்த ஒரே பொட்டிக்குள்ள. பொட்டிக்கு ஒரு ரூமு, ரூமுக்கு ஒரு ஏசி, ரெண்டையும் பாத்துக்க நானு. பிரின்சிபாலுக்கே அப்ப பேனுதான், பாத்துக்கோ. ஏ துளசின்னு கூப்புட்டவங்க எல்லாம் அந்த ரூமுக்குள்ள நான் போனதுக்கப்பறம்தான் மேடம்னு கூப்புட்டாங்க. எனக்கு அது புடிச்சுது. அதச் சொல்றதுக்கு எனக்கென்ன வெக்கம்.

நான் லீவு போட்டா சர்வரு நின்னு போகும். எப்படின்னு கேக்கறயா? வேற யாருகிட்டயும் சொல்லிராதே. கெளம்பறதுக்கு முன்னால பின்னாடி இருக்கற ஒரு வயர லேசா இழுத்து வெச்சுட்டுப் போயிருவேன். கழட்ட மாட்டேன் கண்ணு, நான் அப்படிப்பட்டவ இல்ல. லேசாத்தான். வருசம் பூரா ஓடற மிசினு, அதுக்கும் ஒரு ஓய்வு வேணுமில்ல. அரை நாள்ல வயரு தானா கழண்டு தொங்கிரும்.

என்ற அண்ணன் மக கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்சு பந்தி நடக்குது. மண்டபத்து வாசல்ல காலேஜு காரு வந்து நிக்குது. டிரைவரு உள்ள வந்து, அத்தன ஒறம்பரை சனத்துக்கு நடுவுல, மேடம் நீங்க வந்தாத்தான் சம்பளமே போட முடியுமாம், கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு சொல்றாரு. என்ற நாத்தனா மூஞ்சியப் பாக்கோணுமே நீ. பட்டுச்சேலையோட போயிக் காருல ஏறுனேன். போயி வயர அழுத்துனேன், ஓடிருச்சு. ரெண்டு நிமிச வேல. ஆனா கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்துட்டுத்தான் வெளிய வந்தேன். ரெண்டு நிமிசத்துல வந்தா அந்த வேலைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

இப்படி நல்லாத்தான் போயிட்டிருந்துது. அப்பத்தான் மாப்பிள்ளை வந்தாரு.

எனக்கு மாப்பிள்ளை இல்ல, எனக்கு ரெண்டும் பசங்கதான். எங்க கரஸ்பாண்டண்டு வெள்ளியங்கிரி ஐயாவோட மாப்பிள்ளை. ஐயா தேங்காயெண்ணெய் மில்லு வெச்சு முன்னுக்கு வந்தவரு. தங்கமான மனுசன், ஆனா கை இறுக்கம். வராண்டாவுல நடந்தாருன்னா கிளாசு கிளாசா எட்டிப் பாத்து பேன நிறுத்திட்டே போவாரு. உள்ள புள்ளைங்க உக்காந்து படிச்சிட்டு இருக்குமே, அதெல்லாம் அவரு கண்ணுக்குத் தெரியாது. அவரு ஒரே பொண்ண பெங்களூருல கம்ப்யூட்டரு கம்பெனியில இருக்கற ஹரிநந்தன்னு ஒரு பையனுக்குக் குடுத்திருக்காரு. எங்க பக்கம் மாமனாரு மாப்பிள்ளைய எதுத்து ஒரு வார்த்த பேசறதில்ல, உனக்குச் சொல்லோணுமா? அந்தப் பையன் ஒரு நாள் காலேஜச் சுத்திப் பாக்கறேன்னு வந்து, என்ற ரூமுக்குள்ள ஒரு நிமிசம் நின்னுட்டு, மாமா, இந்தப் பொட்டி எதுக்கு, இந்த ஏசி எதுக்கு, எல்லாத்தையும் கிளவுடுல போட்டுட்டா செலவு பாதியாக் கொறையும்னு சொல்லிப்போட்டாரு. ஐயா காதுல செலவு கொறையும்ங்கறது மட்டும்தான் உழுந்துது.

கிளவுடுன்னா என்னன்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்ற மாதிரி உங்க ஆபீசுல சொல்லியிருக்க மாட்டாங்க. நம்ம பொட்டிய வித்துப்போட்டு, எங்கியோ கண்ணுல காணாத ஒருத்தன் பொட்டியில வாடகைக்குக் குடி போறது. அவ்வளவுதான். சொந்த ஊடு இருக்கறப்ப எவனாச்சும் வாடகைக்குப் போவானா? நான் ஐயாகிட்ட இதச் சொன்னேன். அவரு, மாப்பிள்ளை சொல்லிட்டாரேம்மான்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு, போறப்ப என்ற ரூம் லைட்டையும் நிறுத்திட்டுப் போனாரு.

மாப்பிள்ளை எங்கிட்ட மரியாதையாத்தான் பேசுனாரு, அதச் சொல்லோணும். துளசி அக்கா, சர்வருல இருக்கற எல்லாத்தையும் மேல ஏத்திருங்க, ஒண்ணையும் உட்டுறாதீங்கன்னாரு. நானும் ஏத்துனேன். எல்லாம்னா எல்லாந்தான். மார்க்கு, பீசு ஏத்துனேன். ஆண்டு விழா வீடியோ பதினஞ்சு வருசத்துது ஏத்துனேன். கெமிஸ்ட்ரி மேடம் மக சீரு போட்டோ நானூத்திச் சில்லறை ஏத்துனேன். ஆபீசுல வந்து சேந்த காலை வணக்கப் படம் அத்தனையும் ஏத்துனேன். மாப்பிள்ளையோட கல்யாண வீடியோ ரெண்டு நாளு, மூணு கேமராவுல எடுத்தது, ஒரு சேப்டிக்கு நான் மூணு காப்பி வெச்சிருந்தேன். அந்த மூணையும் ஏத்துனேன். ஒண்ணையும் உடாதீங்கன்னு அவருதான சொன்னாரு? நான் என்ன எம்பட இஷ்டத்துக்கா செஞ்சேன்?

அதுக்கப்பறம் பொட்டிய நிறுத்தியாச்சு. ஏசியக் கழட்டிட்டுப் போயி, மாப்பிள்ளை வந்தா தங்கற ரூமுல மாட்டிட்டாங்க. நான் காத்தால ஒம்போதுக்குப் போயி அந்த ரூமுல சும்மா உக்காந்திருந்தேன். ஒரு மாசம் கண்ணு. ஒருத்தரு வந்து கதவத் தட்டல. மேடம் கம்ப்யூட்டரு நின்னு போச்சுன்னு ஒருத்தரு சொல்லல. சம்பளம் வந்துது, அதுல ஒரு கொறையும் இல்ல. சம்பளம் வந்தாப் போதுமா? எனக்கு அழுகையா வந்துது. இங்க நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு ஆயிப்போச்சேன்னு அவ்வளவு வெசனம். ஊட்டுல சொன்னா, வேல இல்லாம சம்பளம் வாங்கறதுக்கு எவளாச்சும் அழுவாளான்னு என்ற ஊட்டுக்காரரு கேக்கறாரு. அவருக்கு என்ன தெரியும்.

மொத மாச பில்லு வந்துது. ஐயா என்னையக் கூப்புட்டு அனுப்புனாரு. போனா, கதவச் சாத்தச் சொல்றாரு. முன்ன ஆன செலவ விட இது எச்சா. அவரு மூஞ்சி வேத்துப் போயிக் கெடக்குது. மாப்பிள்ளைகிட்டக் கேளுங்களேன்னேன். மாப்பிள்ளைகிட்டப் போயிப் பில்லப் பத்திப் பேசறதா, நல்லா இருக்குமா அம்மணின்னாரு. அப்ப வீடியோவ அழிச்சுப்போடலாமான்னு கேட்டேன், ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவரு நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டாரு. எம் பொண்ணு கல்யாணத்த நானே அழிக்கறதா, நாளைக்கு மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாருன்னாரு. அப்பறம் கொரலத் தாழ்த்திச் சொன்னாரு. 

"அம்மணி, நீங்கதான் எப்படியாச்சும் கொறைச்சுக் குடுக்கோணும். உங்கள உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

இதக் கேட்டதும் எனக்கு அந்த ஒரு மாச வெசனமும் போயே போச்சு. வெளிய வந்து தண்ணி குடிச்சேன் பாரு, அவ்வளவு இனிப்பு.

ரெண்டு நாளு உக்காந்து அந்தப் பில்லப் படிச்சேன். மணிக்கணக்குக்கு வாடகை. ஓடுனாத்தான் காசு, நின்னா இல்ல. அட கெரகமே, இது பேனு கணக்குதான்னு ஐயாகிட்டப் போயிச் சொன்னேன். அவருக்கு அது சட்டுன்னு புடிபட்டுப்போச்சு. ஆளு இல்லாதப்ப எதுக்கு ஓடோணும், நிறுத்துங்கன்னாரு. நிறுத்துனேன். காத்தால ஒம்போது மணி பெல்லு அடிச்சா நான் கிளவுடத் தொறப்பேன். சாயங்காலம் நாலரை பெல்லுக்கு நிறுத்துவேன். நடுவுல ஒண்ணுல இருந்து ஒண்ணே முக்கா வரைக்கும் சாப்பாட்டு நேரம், அப்பவும் நிறுத்துவேன். ஞாயித்துக்கெழம கெடையாது. ரெண்டாஞ் சனி கெடையாது. ஐயா ஊட்டுக் கோயிலு பொங்கலுக்குக் கெடையாது. ஏன் அப்படிப் பாக்கறே? காலேஜே இல்லாத நாள்ல கிளவுடுக்கு என்ன வேல?

மொத நாளு நாலரைக்கு நிறுத்துனேன், மேல மாடியில இருந்து ஒரு சத்தம். பிசிக்ஸ் சம்பூர்ணம் மேடம். அறுவது புள்ளைங்களுக்கு மார்க்கு போட்டுட்டு வந்தவங்களுக்கு நாப்பத்தி மூணோட நின்னு போச்சாம், போட்டதும் போச்சாம். மூச்சு வாங்க எறங்கி வந்தாங்க. துளசி மேடம், ஒரு பத்தே நிமிசம்னு கேட்டாங்க. கதவத் தட்டிட்டு வந்தாங்க கண்ணு, அதக் கவனிச்சுக்கோ. இன்னிக்கு முடியாது மேடம், ஐயா உத்தரவுன்னு சொன்னேன். அடுத்த நாளு ஒரு டப்பா நெறைய முறுக்கோட வந்தாங்க. பத்து நிமிசம் என்ன, பதினஞ்சு நிமிசம் உட்டேன். அந்த வாரத்துல காமர்சுல இருந்து அதிரசம் வந்துது, தமிழ் டிபார்ட்மெண்டுல இருந்து மாவடு வந்துது. நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல. அவங்களுக்கு எம்மேல அவ்வளவு பிரியம்.

அட்மிசன் நேரம் வேற. தாளவாடியில இருந்து ஒருத்தரு போன் போட்டாரு. ஏனுங்க, பாப்பா பொழுது சாஞ்சு வேல முடிச்சு வந்து அப்ளிகேசன் போடப் பாக்குது, உங்க காலேஜு வெப்சைட்டு தொறக்கவே மாட்டேங்குதுன்னாரு. நாளைக்குக் காத்தால ஒம்போதுக்குத் தொறப்போமுங்கன்னேன். அது என்ன கடைங்களான்னு கேட்டாரு. பாவம் மனுசன், அடுத்த நாளு பொண்ணக் கூட்டிட்டு மலையில இருந்து மூணு பஸ்சு மாறி நேராவே வந்துட்டாரு. நானே உக்காந்து போட்டுக் குடுத்தேன். ரெண்டு பேரும் கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போனாங்க. அந்த வருசம் அட்மிசன் கொறஞ்சுதுன்னு ஆபீசுல பேசிக்கறாங்க. படிக்கோணும்னு நெனைக்கறவ பகல்ல போட மாட்டாளா?

பில்லு பாதியாக் கொறஞ்சுது. ஸ்டாப் மீட்டிங்குல ஐயா எந்திரிச்சு நின்னு, இந்தக் காலேஜு இன்னிக்கு ஓடுதுன்னா அது துளசிமணி அம்மணி கையாலதான்னு சொன்னாரு. அத்தன புரொபசருங்களும் கை தட்டுனாங்க. சம்பூர்ணம் மேடம் மட்டும் தட்டல, அவங்களுக்குக் கை வலி இருந்திருக்கும்.

அதோட நின்னிருக்கலாம். மாரியாத்தா நோம்பிக்கு மாப்பிள்ளை வந்தாரு. ஐயாவுக்கு வாயி நிக்கல. எங்க துளசிமணி என்ன பண்ணிருக்கா பாத்தீங்களா மாப்ளேன்னு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாரு. எனக்கு உள்ளூர ஒரே சந்தோசம். மாப்பிள்ளைக்குக் கோவம் வரும், ரெண்டு பேருக்கும் முட்டிக்கும், பழையபடி பொட்டிய வாங்கி வெச்சிருவாங்கன்னு நெனச்சேன். அந்தப் பையன் கோவிச்சுக்கவே இல்ல கண்ணு. நல்ல வேல பண்ணிருக்கீங்க அக்கா, எந்தெந்த நேரத்துக்கு நிறுத்தறீங்கன்னு எனக்கு எழுதிக் குடுங்கன்னு கேட்டாரு.

நானும் எழுதுனேன். ராத்திரி பகலா எழுதுனேன்னு வெச்சுக்கோயேன். ஸ்கேலு வெச்சுக் கோடு போட்டு, லீவு நாளைக்குச் சேப்பு மை, சாப்பாட்டு நேரத்துக்குப் பச்சை மை. பெங்களூரு ஆபீசுல கொண்டுபோயிக் காட்டுவாரு, கோபியில ஒரு பொம்பள இப்படியெல்லாம் பண்றாங்கன்னு அங்க பேசிக்குவாங்கன்னு நெனச்சேன். அவரு அத மேசையில வெச்சுக்கிட்டு, பாத்துப் பாத்து லேப்டாப்புல என்னமோ தட்டுனாரு. ஐயாவும் நானும் எதுக்கால உக்காந்திருக்கறோம். குடுத்த காப்பி ஆறல, முடிச்சுட்டாரு. இனி தானா ஓடும், தானா நிக்கும், மார்க்கு போட்டுட்டு இருந்தா அவங்க முடிக்கற வரைக்கும் காத்திருக்கும், அப்ளிகேசன் மட்டும் எந்நேரமும் தொறந்திருக்கும், கல்யாண வீடியோவ வாடகை கம்மியான எடத்துக்கு மாத்தியாச்சுன்னாரு.

ஐயாவுக்கு ஒரு நிமிசம் வெளங்கல. அப்பறம் கேட்டாரு. 

"நம்ம கெணத்து மோட்டருக்கு ஆட்டோ மாட்டுனாப்பலயா மாப்ளே? கரண்டு வந்தா அதுவே எடுத்துக்குமே, ஆளு போக வேண்டியதில்லயே, அதா?"

"அதேதானுங்க மாமா."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், வேற என்ன பண்றது.

அடுத்த நாளு எட்டே முக்காலுக்கே போயிட்டேன். ஒம்போது பெல்லு அடிக்கறதுக்கு முன்னாலயே அது ஓடிட்டு இருந்துது. சரி, தொறக்கறதுதான அது தொறந்துக்கிச்சு, நிறுத்தறதுக்கு நான் வேணுமில்லன்னு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். நாலரை பெல்லு அடிக்குது, நான் வெரல வெக்கறேன், அதுக்குள்ள அதுவே நின்னு போச்சு. என்ற வெரலு அப்படியே நின்னுது. ஐயா அந்தப் பக்கமா வந்தவரு எட்டிப் பாத்தாரு. இனி உங்களுக்குத் தொந்தரவே இல்ல அம்மணி, நீங்க எங்க வேணாலும் உக்காந்துக்கலாம்னாரு. திட்டியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. சிரிச்ச மூஞ்சியோட சொன்னாரு.

அந்தப் பையன் செஞ்சதுல அவருது என்ன இருக்குது சொல்லு? நேரம் என்னுது, கணக்கு என்னுது, கோடு போட்டது நானு. அவரு பாத்து எழுதுனாரு. பரிச்சையில இப்படிப் பண்ணா வெளிய அனுப்பிருவாங்க.

என்ன சொல்றே? உங்க ஆபீசுலயும் இப்படித்தானா? எல்லா ஊருலயும் தானாத்தான் நிக்குமா? அட, நீயும் அவரு கட்சிதானா. சரி, மிச்சத்தையும் கேளு.

எனக்கு ரோசம் வந்துது. நான் இல்லாட்டி அங்க என்ன ஆகும்னு காட்டோணும்னு மூணு நாளு லீவு எழுதிக் குடுத்தேன். கோயமுத்தூரு கணபதியில என்ற அக்கா இருக்கறா, அவளுக்கு முட்டி ஆபரேசன்னு எழுதுனேன். அவ முட்டிக்கு ஒண்ணும் இல்ல, என்னைய விட வெரசா நடப்பா. மாசக் கடைசியாப் பாத்துத்தான் போட்டேன், சம்பளம் போடற நாளு. கெளம்பறப்ப இழுத்து வெக்கறதுக்கு ஒரு வயருகூட இல்ல கண்ணு, அந்தக் கொடுமையப் பாரு. அதனால பாஸ்வேர்ட மட்டும் மாத்திட்டு வந்தேன். ஒரு சேப்டிக்குத்தான். யாருக்கும் சொல்லல, வேணுமின்னா கூப்புட்டுக் கேக்கட்டும்.

மூணு நாளா போன கையில இருந்து கீழ வெக்கல. குளிக்கப் போறப்பக்கூட ஒரு பிளாஸ்டிக் கவருல போட்டு எடுத்துட்டுப் போனேன். என்ற அக்கா, எவங்கிட்ட இருந்துடி போனு வரோணும்னு கேக்கறா, அந்தப் பேச்செல்லாம் கேட்டுட்டு இருந்தேன். நேத்து மத்தியானம் எங்க ஆபீசுல இருக்கற பொண்ணு ராஜாமணிக்கு நானே போட்டேன், பால்காரரு நம்பரு கேக்கற மாதிரி. எல்லாரும் நல்லா இருக்கறாங்களான்னேன். இருக்கறாங்க, நீங்க என்ன மேடம் லீவான்னு கேக்கறா. பக்கத்து ரூமுல இருக்கறவ கேக்கறா, பாத்துக்கோ. இன்னிக்குக் காத்தால டிபன் சாப்புட்டுட்டு இருக்கறப்ப போன்ல டிங்குன்னு ஒரு சத்தம். வந்துட்டாங்கடா வழிக்குன்னு எடுத்துப் பாத்தா, பேங்க்கு மெசேஜு. சம்பளம் ஏறிருச்சு.

நான் இல்லாம ஏறிருச்சு.

பேங்க்குக்காரன் போன மாசக் கணக்கப் பாத்துப் போட்டிருப்பான். அப்படித்தான் இருக்கோணும். என்ன தலைய ஆட்டறே? பாஸ்வேர்டு மாத்துனாலும் அது பாட்டுக்கு ஓடுமா? வேணுமின்னா மாப்பிள்ளை பெங்களூருல இருந்தே ஒரு நிமிசத்துல வேற மாத்திக்குவாரா? உனக்கு எங்க காலேஜப் பத்தித் தெரியாது கண்ணு. அவங்க இன்னேரம் என்னையக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்திருப்பாங்க. எனக்குச் சந்தேகமே இந்தப் போனு மேலதான். நான் போட்டாப் போகுது, ஆனா வர்றது வருதான்னு யாரு கண்டா? கவருல போட்டப்ப தண்ணி கிண்ணி பட்டிருக்கும்.

சத்தி பஸ் ஸ்டாண்டு வரப் போகுதா? எறங்கறதுக்கு முன்னால எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை பண்ணு. நம்பரு சொல்றேன், உன்ற போன்ல இருந்து ஒரு மிஸ்டு கால் குடு. வருதா வரலியான்னு தெரிஞ்சா நான் பாட்டுக்குக் கம்முனு போயிருவேன். போட்டியா? போகுதா?

அடிக்குது.

நல்லாத்தான் அடிக்குது. முன் சீட்டுல இருக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க. பாக்கட்டும்.

இரு கண்ணு, கட் பண்ணிராதே. இன்னுங் கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.